மதகில் நிற்கும் வண்டி

குருவுக்குத் தாடி இருக்கும் என்றொரு நம்பிக்கை நாட்டில் வெகுகாலமாக வேரூன்றிப் போயிருக்கிறது. காலண்டர் படம் வரைகிறவர்கள் செய்த பிழை இது. பல தலைமுறைகளைக் கெடுத்த பிழை. இனியும் திருத்தாமல் விட்டால் வருங்காலம் நம்மை மன்னிக்காது. ஆகவே முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது: மன்னார்குடி புறவழிச் சாலையில், சகாய மாதா மோட்டார் ஒர்க்‌ஷாப்பில் இருந்த குருவுக்குத் தாடி கிடையாது. அவர் பெயர் பெர்னதெத். வயது முப்பத்தெட்டு.

குரு மரத்தடியில் அமர்ந்திருப்பார் என்பதும் தவறு. இவர் பெரும்பாலும் வண்டிக்கு அடியில் படுத்திருந்தார்.

சீடர் குருவைவிட இளையவர் என்பது அடுத்த தவறு. கலியபெருமாளுக்கு ஐம்பத்தொரு வயது.

கலியபெருமாள் பழைய கார்களை வாங்கி விற்றுக்கொடுக்கும் புரோக்கராக இருந்தவர். அவர் பேச ஆரம்பித்தால் வண்டியின் சத்தம் வெளியே கேட்காது என்பார்கள். அதற்காகத்தான் பேசுகிறார் என்றும் சொல்வார்கள். "நான் சொல்றதைக் கேளுங்க" என்பதுதான் அவருடைய ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பிள்ளையார் சுழி.

தை மாதத்தில் ஆபத்சகாய குருக்களுக்கு ஒரு சின்ன வெள்ளைக் காரை விற்றார். குருக்கள் நான்கு ஊர்க் கோயில்களுக்குத் தனியாளாகப் பூஜை செய்கிறவர். முப்பது வருடம் சைக்கிள் மிதித்து முழங்கால் தேய்ந்துபோனதால்தான் கார்.

"நான் சொல்றதைக் கேளுங்க சாமி. நம்பி எடுங்க. இது நடுவழியில நின்னா நான் என் பேரையே மாத்திக்கிறேன்."

மாசியில் வண்டி நடுவழியில் நின்றது.

நின்றது என்றால், ஓடிக்கொண்டிருக்கும்போதே பொசுக்கென்று அணைந்துவிடும். சாவியைத் திருகினால் ஒன்றுமே நடக்காததுபோலத் திரும்பக் கிளம்பும். எங்கே வேண்டுமானாலும் நிற்கும். ஆனால் கடைசிக் கோயில் இருக்கும் வடக்குத்திடலுக்குத் திரும்புகிற வாய்க்கால் மதகில் கட்டாயம் நிற்கும்.

அந்த மதகோரம் ஒரு காலத்தில் பிள்ளையார் ஒருவர் இருந்தாராம். மதகை இடித்துக் கட்டியபோது அவர் காணாமல் போனார். அவர்தான் வண்டியை மறிக்கிறார் என்று வடக்குத்திடலில் பேச்சு கிளம்பியது.

டீக்கடையில் வேறு பேச்சு.

"வாங்க வாங்க. புதுப் பேரு என்ன வச்சிருக்கீங்க?"

"பேரு வைக்கிற அன்னிக்கு எங்களுக்கும் சொல்லி அனுப்புங்க. காது குத்துறதும் அன்னிக்கேவா?"

கலியபெருமாள் சிரித்துவைத்தார். டீயைப் பாதியில் வைத்துவிட்டு நேரே பெர்னதெத்தின் ஒர்க்‌ஷாப்புக்குப் போனார். வண்டிக்கு அடியில் இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன. கால்களிடம் சொன்னார்:

"வித்தவன் நான். நானே சரி பண்ணணும். தொழிலைக் கத்துக்குடுங்க."

கால்கள் அசையவில்லை. குரல் வந்தது.

"விரல்ல எத்தனை மோதிரம்?"

"மூணு."

"கழட்டிட்டு வாங்க. பேட்டரியில பட்டா விரலோட போயிடும்."

அப்படித்தான் தீட்சை நடந்தது. குருவை எப்படிக் கூப்பிடுவது என்பதில் கலியபெருமாளுக்கு ஒரு நாள் முழுக்கக் குழப்பம். வயதில் இளையவர், வித்தையில் மூத்தவர். கடைசியில் 'மேஸ்திரிம்மா' என்று வைத்துக்கொண்டார். அவர் இவரை 'அண்ணே' என்றார்.

இரண்டாம் வாரம் ஒருவர் வந்தார். மழை பெய்தால் காருக்குள் கால் வைக்கிற இடத்தில் தண்ணீர் கட்டுகிறது என்றார். கண்ணாடி ரப்பரை மாற்றியாயிற்று, கதவு ரப்பரையும் மாற்றியாயிற்று, தண்ணீர் வருவது மட்டும் நிற்கவில்லை.

பெர்னதெத் வண்டியைப் பார்க்கக்கூட இல்லை.

"வண்டி எங்க நிக்கும்? மரத்தடியிலயா?"

"புங்க மரம். நல்ல நிழல்."

பெர்னதெத் முன்கண்ணாடிக்குக் கீழே இருந்த மூடியைக் கழற்றினார். உள்ளே கைவிட்டு மக்கிய புங்க இலைகளைக் கைகொள்ளாமல் அள்ளிப்போட்டார். தண்ணீர் வெளியேறும் துளை தெரிந்தது. குவளைத் தண்ணீரை ஊற்றினார். அது சமர்த்தாகச் சக்கரத்தின் பக்கம் இறங்கிப் போயிற்று.

கலியபெருமாள் அசந்துபோனார். மறுநாளிலிருந்து யார் வந்தாலும் கேட்டார்:

"மரத்தடியிலயா நிறுத்துறீங்க?"

"பிரேக் பிடிச்சா கீச்சுன்னு கத்துதுங்க."

"அது இருக்கட்டும். நான் சொல்றதைக் கேளுங்க. மரத்தடியிலயா?"

நாலாவது ஆள் பெர்னதெத்தைத் தனியே அழைத்து, "இவருக்கு உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?" என்று விசாரித்தார்.

அன்று சாயங்காலம் கலியபெருமாள் குருவின் முன் போய் நின்றார்.

"மேஸ்திரிம்மா. ஒரு வண்டியில என்ன பழுதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

பெர்னதெத் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"கேளுங்கண்ணே."

அவ்வளவுதான். அடுத்த வண்டிக்கு அடியில் போய்விட்டார்.

கலியபெருமாள் கேட்டார். சாதாரணமாகக் கேட்கவில்லை. நீளமான ஸ்க்ரூடிரைவர் ஒன்றை எடுத்து, நுனியை இன்ஜினில் வைத்து, பிடியைக் காதில் அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். குருக்களின் வண்டியை வரவழைத்து அதன் மண்டையைக் கேட்டார், வயிற்றைக் கேட்டார், பெட்ரோல் டேங்கின் பக்கம் குப்புறப் படுத்துக் கேட்டார். ஒரு வாரத்தில் காது மடல் காய்த்துப்போயிற்று.

"கேட்டேன் மேஸ்திரிம்மா."

"என்ன கேட்டீங்க?"

"டேப்பெட் லேசாத் தட்டுது. ஃபேன் பெல்ட் காலையில மட்டும் ஒரு கத்து கத்துது. பேரிங் எல்லாம் சுத்தம். பெட்ரோல் பம்ப் கொஞ்சம் முனகுது."

"சரியாத்தான் இருக்கு. இன்னும் கேளுங்க."

முனகிய பம்பை மாற்றினார். பிளக்குகளை மாற்றினார். எர்த் வயரைச் சுரண்டிச் சுத்தம் செய்தார். கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்தபோது ஒரு குறையும் இல்லை என்றது. ஆனாலும் ஒரு சென்சாரை மாற்றினார். ஒவ்வொரு முறையும் வண்டியை வடக்குத்திடல் மதகுக்கு ஓட்டிப் போனார். குருக்களைப் பக்கத்தில் உட்காரவைத்து, தானே ஓட்டினார். புரோக்கர் பழக்கம்: வாங்குகிறவன் கையில் ஸ்டியரிங்கைக் கொடுக்கவே கூடாது.

மதகில் ஏறினார், இறங்கினார். பின்பக்கமாகக்கூட ஏறினார். வண்டி நிற்கவே இல்லை.

"பாத்தீங்களா சாமி! சரியாயிடுச்சு."

"ஆமாம்ப்பா. நீ ஓட்டினா நன்னா இருக்கு."

மறுநாளே குருக்கள் ஓட்டும்போது நிற்கும்.

பங்குனி பிறந்தது. ஒரு திங்கட்கிழமை குருக்கள் ஒர்க்‌ஷாப் வாசலில் நின்று, யாரையும் பார்க்காமல், சொன்னார்:

"நேத்து மதகுல நடுவுல நின்னுடுத்து. பின்னாடியே நெல் லாரி. மயிரிழை. ஆத்துல பயப்படறா. வர்ற வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்க்கறேன். அன்னிக்கும் நின்னுதுன்னா வடக்குத்திடல் கோயில் சாவியை ஊர்க்காராகிட்டயே குடுத்துடப்போறேன். சாயரட்சைக்கு விளக்கேத்த வேற யாராவது வரட்டும்."

வேறு யாரும் வரமாட்டார்கள் என்பது அவருக்கும் தெரியும், கலியபெருமாளுக்கும் தெரியும். பதினேழு வீட்டு ஊர் அது. கோயிலுக்கு வருமானம் என்று ஒரு தென்னை மரம்.

"வெள்ளிக்கிழமை நிக்காது சாமி" என்றார் கலியபெருமாள். "நான் இருக்கேன். நான் சொல்றதைக் கேளுங்க—"

குருக்கள் போய்விட்டிருந்தார்.

அன்றிலிருந்து கலியபெருமாள் டீக்கடைக்குப் போகவில்லை. விடிந்தவுடன் வந்தார், இருட்டியபின் போனார். குருக்கள் காலைப் பூஜை முடித்து விட்டுப்போகும் வண்டியில், சீட்டுக்குக் கீழே ஓடும் வயர்களை எல்லாம் விரலால் தடவிப் பார்த்தார். பெட்ரோல் டேங்கைக் கழற்றிக் கழுவினார். இன்ஜினைத் தாங்கும் ரப்பர்களை அசைத்துப் பார்த்தார். எல்லாம் நன்றாக இருந்தது. இவ்வளவு நல்ல வண்டியைத்தான் விற்றிருக்கிறோம் என்பது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது. அதனால் ஒரு பயனும் இல்லை.

வியாழக்கிழமை காலை. குருக்கள் வண்டியோடு வந்துகொண்டிருந்தார். தூரத்தில் வெள்ளைப் புள்ளியாகத் தெரிந்தது.

"மேஸ்திரிம்மா, காது ரெண்டும் புண்ணாப்போச்சு. நாளைக்கு வெள்ளிக்கிழமை. இன்னும் என்னத்தைக் கேக்குறது?"

பெர்னதெத் வேறொரு காரின் டாஷ்போர்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்த்தார்.

குருக்கள் இறங்கி வந்தார்.

"வாங்க சாமி" என்றார் கலியபெருமாள். "நேத்து எப்படி நின்னுச்சு? நான் சொல்றதைக் கே—"

"அண்ணே, வாயைத் திறங்க."

திறந்தார். பெர்னதெத் நான்கு சின்ன ஸ்க்ரூக்களை அவர் உதட்டுக்கு நடுவில் வைத்தார்.

"இறுக்கிப் பிடிச்சுக்குங்க. இந்த அளவு வெளியில கிடைக்காது. கீழ விழுந்தா வண்டியே நாறிடும்."

கலியபெருமாள் உதட்டை இறுக்கிக்கொண்டார்.

ஒர்க்‌ஷாப்பில் ஒரு அமைதி உண்டாயிற்று. குருக்களுக்கு அது புதிது. கேள்வி கேட்டுவிட்டுக் கலியபெருமாள் சும்மா நின்று அவர் பார்த்ததே இல்லை. அவர் கூரையைப் பார்த்தார். மாதா படத்தைப் பார்த்தார். கலியபெருமாளின் வாயைப் பார்த்தார். பிறகு, வேறு வழியில்லாமல், பேசினார்.

"எப்படி நின்னுதுன்னா... எப்பவும் மாதிரிதான். ஆனா முதல் மாசம் நிக்கவே இல்ல, தெரியுமோ? உன்கிட்ட சொல்லியிருக்கேனோ?"

கலியபெருமாள் தலையை ஆட்டினார். இல்லை.

"சொல்ல வந்தேன். நீ பேசிண்டிருந்தே. தை முழுக்கக் குதிரை மாதிரி ஓடித்து. மாசியில ஒரு பிரதோஷம். வடக்குத்திடல் போய் இறங்கறேன், கோயில் சாவியை ஆத்துலயே வச்சுட்டு வந்திருக்கேன். வாசல்ல ஜனங்க பால் சொம்போட நிக்கறா. திரும்பி வந்து எடுத்துண்டு போறதுக்குள்ள வேளை தப்பிப்போச்சு. அன்னிக்கு எங்காத்துல அவ கோவிச்சுண்டா பாரு..."

சொல்லிக்கொண்டே குருக்கள் லேசாகத் திரும்பி நின்று, இடுப்பருகில் கையை வைத்து எதையோ செய்தார். ஒவ்வொரு முறை வண்டியை விடும்போதும் செய்வதுதான். கலியபெருமாள் ஒவ்வொரு முறையும் அப்போது பேசிக்கொண்டிருப்பார். இன்று வாய் வேலையில் இருந்ததால் கண் சும்மா இருந்தது. பார்த்தது.

ஒரு இரும்பு வளையம். அதில் நான்கு கோயில் சாவிகள். மூன்று சாதாரணம். நான்காவது ஒரு சாண் நீளம், கட்டைவிரல் கனம், பழைய கோயில் கதவுக்கென்று கொல்லன் அடித்த சாவி. அதோடு சேர்த்துக் கோத்திருந்த சின்னஞ்சிறிய கார் சாவியை நகத்தால் நெம்பிக் கழற்றினார் குருக்கள். மற்றவற்றைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மடியில் செருகினார். கார் சாவியை மட்டும் நீட்டினார்.

"...அவதான் வண்டிச் சாவியைக் கோயில் சாவியோட கோத்துவிட்டா. இனிமே ஒண்ணை எடுத்தா இன்னொண்ணும் வரும்னா. வாஸ்தவம். அப்புறம் ஒரு நாளும் மறக்கலை. வண்டிதான் நிக்க ஆரம்பிச்சுது. ஒரு கஷ்டம் போனா ஒண்ணு."

கலியபெருமாள் சாவியை வாங்கவில்லை.

அவர் நடந்துபோய் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, குருக்களை உட்காரும்படிக் கையைக் காட்டினார்.

"நானா? நீதானே ஓட்டுவே எப்பவும்?"

கலியபெருமாள் குருக்களின் மடியைச் சுட்டினார். கார் சாவியைச் சுட்டினார். இரண்டு விரல்களைக் கொக்கிபோல மாட்டிக் காட்டினார்.

"திரும்பக் கோத்துக்கணுமா?"

ஆமாம் என்று தலை ஆடியது.

"ஏம்மா பெர்னதெத், இவனுக்கு என்ன ஆச்சு? ஏதாவது விரதமா?"

"ஓட்டிட்டுப் போங்க சாமி" என்றார் பெர்னதெத்.

கார் கிளம்பியது. அது சாலையில் ஏறியபோது பெர்னதெத், "அண்ணே, என் ஸ்க்ரூ!" என்று கூப்பிட்டதாகத் தெரிகிறது. யாரும் திரும்பவில்லை.

வழி நெடுகக் கலியபெருமாள் சாலையைப் பார்க்கவில்லை. இன்ஜினையும் கேட்கவில்லை. ஸ்டியரிங்குக்குக் கீழே தொங்கிய வளையத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அந்த ஒரு சாண் இரும்பு ஆடியது, கோயில் மணியின் நாக்குபோல.

வடக்குத்திடல் திருப்பம். மதகு. முன்சக்கரம் ஏறித் துள்ளியது. வளையம் ஒரு பக்கம் விசிறி, மறுபக்கம் விசிறி, டங்கென்று இடித்துக் கீழே இழுத்தது.

வண்டி அணைந்தது.

"பார்த்தியா! பிள்ளையாரே!" குருக்கள் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு நெற்றியில் குட்டிக்கொண்டார்.

கலியபெருமாள் குனிந்து பார்த்தார். சாவி தானாக ஒரு படி பின்னால் திரும்பியிருந்தது.

கையை நீட்டினார்.

"தொடாதே! கோயில் சாவி."

கையை இழுத்துக்கொண்டார். ஸ்க்ரூக்களைத் துப்பிவிட்டுச் சொல்லியிருக்கலாம். அவருக்கு அது தோன்றவில்லை. தன் உள்ளங்கையைக் கிண்ணம்போலக் குவித்து மேலே தூக்கிக் காட்டினார். குருக்கள் ஒரு கணம் யோசித்தார். பிறகு ஒரு கையால் வளையத்தை ஏந்திப் பிடித்துக்கொண்டு, வண்டியைக் கிளப்பிப் பின்னுக்கு வந்து, மறுபடி மதகில் ஏற்றினார்.

வண்டி நிற்கவில்லை.

கையை விட்டுவிட்டு ஏற்றினார். நின்றது.

ஏந்திக்கொண்டு ஏற்றினார். போயிற்று.

வாய்க்கால் கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த தங்கராசு என்பவர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். குருக்கள் கோயில் சாவியைக் கையில் ஏந்தி மதகுக்குக் காட்டுவதும், உடனே வண்டிக்கு வழி கிடைப்பதும் அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. அவர் ஆடுகளை அப்படியே விட்டுவிட்டு ஊருக்குள் ஓடினார்.

ஒர்க்‌ஷாப்புக்குத் திரும்பியதும் கலியபெருமாள் ஸ்க்ரூக்களைக் கையில் துப்பித் துடைத்து, குருவிடம் நீட்டினார். நான்கும் இருந்தன.

"சாவித் துவாரம் தேஞ்சுபோயிருக்கு மேஸ்திரிம்மா. கனம் இழுத்தா சாவி தானாத் திரும்பிக்குது. என் கையில ஒத்தைச் சாவிதான் வரும். அதான் எனக்கு நிக்கவே இல்ல."

"லாக் செட்டு மாத்திடுங்க."

கழற்றினார். பழைய லாக்கில் சாவியை நுழைத்து, முழுக்கத் திருப்பியபடியே வெளியே உருவினார். அந்த நிலையில் வரக்கூடாத சாவி, வெண்ணெயில் விட்ட கத்திபோல வந்தது. வண்டிக்கு எட்டு வயது; அதற்குள் யார் யார் எதையெல்லாம் தொங்கவிட்டார்களோ.

புது லாக்கைப் பூட்டி முடித்ததும் கலியபெருமாள் குருக்களிடம் வந்தார்.

"சாமி. கோயில் சாவியைத் தனியா வச்சா மாமிக்கு என்ன பயம்?"

கேட்டுவிட்டு நின்றார். உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றார். உள்ளே ஸ்க்ரூ எதுவும் இல்லை.

"மறந்துடுவேன்னுதான்" என்றார் குருக்கள் மெதுவாக. "இப்பல்லாம் மறக்கறேன்ப்பா."

கலியபெருமாள் ஸ்டியரிங்குக்கு அந்தப் பக்கம் ஒரு கொக்கியைத் திருகினார். கோயில் வளையம் அதில் தொங்கியது. கார் சாவிக்கு ஒரு சின்ன வளையம். இரண்டுக்கும் நடுவில் தளர்வாக ஒரு முழம் சிவப்புக் கயிறு. ஒன்றை எடுத்தால் இன்னொன்றும் வரும். ஒன்றின் கனம் மற்றதை இழுக்காது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வண்டி மதகைத் தாண்டிப் போயிற்று. சாயரட்சைக்கு விளக்கு எரிந்தது. கோயில் சாவி யாருக்கும் கைமாறவில்லை.

அன்று ஒர்க்‌ஷாப்பைச் சாத்துகிற நேரத்தில் கலியபெருமாள் குருவின் முன் நின்றார். சந்தோஷமாகத்தான் இருந்தார். ஆனால் காது இன்னும் வலித்தது.

"மேஸ்திரிம்மா. உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாதுண்ணே."

"பின்ன எப்படி?"

"எனக்கும் எப்பவும் ஒத்தைச் சாவிதான் வந்துச்சு."

கலியபெருமாள் காது மடலைத் தடவிக்கொண்டார். பிறகு பொறுக்கமுடியாமல் சொன்னார்:

"ஒரு மாசமா ஸ்க்ரூடிரைவரைக் காதுல வச்சுக்கிட்டு விழுந்து கிடந்தேனே. முதல் நாளே வெளிப்படையா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

பெர்னதெத் பூட்டை இழுத்துப் பார்த்தார். பூட்டியிருந்தது.

"கேளுங்கன்னு தமிழ்லதானேண்ணே சொன்னேன்."



சித்திரையில் வடக்குத்திடல்காரர்கள் மதகோரம் ஒரு பிள்ளையாரை வைத்தார்கள். வண்டிநிறுத்திப் பிள்ளையார் என்று பெயர். உண்டியல் இருப்பதால் கம்பிக் கதவு போட்டு, கனமாக ஒரு பூட்டும் போட்டிருக்கிறார்கள். அதன் சாவி குருக்களின் வளையத்தில் ஐந்தாவதாகச் சேர்ந்தது.